மேல்புறம் எந்தத் திசை?

1. லெஃப்ட்டா, ரைட்டா

பதினெட்டு வருட சர்வீஸ் உள்ள ஒரு ஆசிரியை, பள்ளிக்கூடத்துக்கு வழி தெரியாமல் தறிப்பட்டறைக்குள் போய் நின்ற கதையிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும். அந்த ஆசிரியை நான்தான்.

தாம்பரம் பக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவருக்குக் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை கிடைத்தது. அதனால் மாறுதல் கவுன்சிலிங்கில், சூலூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியைக் கேட்டு வாங்கினேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே என்னைப் பார்த்தால் சிரிப்பை அடக்கிக்கொள்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

முதல் நாள் காலை எட்டே முக்காலுக்கு பஸ் என்னை இறக்கிவிட்டுப் போனது. டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துக்குங்களா? இப்படியே மேக்க போங்க. வேப்பமரம் வரும். அங்கிருந்து வடக்கால திரும்புனீங்கன்னா கெழக்கு பாத்த கட்டடம். அதானுங்க."

"லெஃப்ட்ல திரும்பணுமா, ரைட்ல திரும்பணுமா?"

அவர் பேப்பரை மடித்தார். "அது நீங்க எந்தப் பக்கம் பாத்து நிக்கறீங்கங்கறதப் பொறுத்துதுங்களே, அம்மணி."

தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். மேற்கு எது என்று கேட்க வெட்கமாக இருந்தது. வெயில் கண்ணைக் குத்தியதால் குடையை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நடந்தேன். காலை எட்டே முக்காலுக்கு வெயில் முகத்தில் அடித்தால் எந்தத் திசையில் போகிறோம் என்று மூன்றாம் வகுப்புப் பாடத்திலேயே இருக்கிறது. அதைப் பதினெட்டு வருடம் நடத்தியவள் நான்.

வேப்பமரம் வரவில்லை. வரிசையாகத் தறிப்பட்டறைகள்தான் வந்தன. கடைசிப் பட்டறையில் தறி ஓட்டிக்கொண்டிருந்த அம்மா வெளியே வந்து, தறிச் சத்தத்துக்கு மேல் கத்தி என்னிடம் விசாரித்தார்.

"பள்ளிக்கூடத்துக்குங்களா? மேக்க போறவங்க கெழக்க வந்துபோட்டீங்களே. புது டீச்சருங்களா? என்ன பாடமுங்க எடுப்பீங்க?"

"எல்லாப் பாடமும் எடுப்பேன். முக்கியமா சமூக அறிவியல்."

"அப்படீன்னாங்க?"

"வரலாறு, அப்புறம் இந்த மேப், திசை..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "வாங்க, நானே கொண்டுவந்து உடறேன்" என்றார். நான் பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் விஷயம் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

2. ஓட்டு மேல் வடக்கு

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை தலைமையாசிரியர். நாலும் ஐந்தும் ஒரே அறையில் என்னிடம். இந்த இரண்டு வகுப்பிலும் சேர்த்துப் பத்தொன்பது பிள்ளைகள்.

முதல் வாரமே எனக்கு ஒன்று புரிந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு இடது, வலது என்பது பாடப்புத்தகத்தில் வரும் விஷயம். அவர்கள் புழங்குவது திசையில். சர்வேஷ் என்று ஒரு பையன், வாய் ஓயாதவன். பக்கத்துப் பையனைப் பற்றி அவன் என்னிடம் கொண்டுவந்த முதல் புகார் இதுதான்: "டீச்சர், இவன சித்த வடக்கால நகரச் சொல்லுங்க. என்ற எடத்துல உக்காந்துட்டு நகரவே மாட்டேங்கறான்."

எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

ஒரு நாள் தமிழ்நாடு மேப்பைத் தெற்குச் சுவரில் மாட்டி, "வடக்கு எங்கே இருக்கு?" என்று கேட்டேன். பத்தொன்பது பேரும் திரும்பி உட்கார்ந்து, மேப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ச்சுவரைக் காட்டினார்கள். அவர்கள் காட்டியதுதான் உண்மையான வடக்கு. நான் குச்சியை எடுத்து மேப்பின் உச்சியைத் தொட்டேன். குச்சி நுனி ஓட்டுக் கூரையைப் பார்த்தது.

ஐந்தாம் வகுப்பு தரணி எழுந்தாள். ஒல்லியான பெண். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். "டீச்சர், நீங்க வடக்குன்னு சொல்லிப்போட்டு ஓட்டக் காட்டறீங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அந்தப் பெண் சொன்னது சரிதான். மேப்பைக் கழற்றித் தரையில் விரித்தேன். அதன் வடக்கு நிஜ வடக்கைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டேன். அவ்வளவுதான், பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். மேப்பைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து, கோயம்புத்தூரில் ஒரு புளியங்கொட்டையை வைத்து, "இங்கிருந்து தெக்க போயி மலையேறுனா வால்பாறைங்க" என்று அவர்களே வழி சொன்னார்கள். வால்பாறையில் அத்தை வீடு இருக்கும் ஒரு பெண், எந்தெந்த வளைவில் தான் வாந்தி எடுத்தாள் என்பதைக்கூட விரல் வைத்துக் காட்டினாள். மேப்பில் அத்தனை வளைவுக்கு இடமில்லை.

அந்த வருடம் முழுக்க மேப் தரையில்தான் கிடந்தது. சுவரில் மாட்டவே இல்லை. இந்த முறையைப் பற்றிப் பயிற்சி வகுப்பில் நான் பெருமையாகப் பேசவும் செய்தேன். தரையில் கிடக்கும் மேப்புக்கு வடக்கு உண்டு, தெற்கு உண்டு, மேலே கீழே என்பது கிடையாது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

3. கிழக்கு முகம்

வரலாற்றிலும் அவர்கள் திசையை விடவில்லை. கரும்பலகையில் "கி.மு." என்று எழுதி, இதன் விரிவு என்ன என்று கேட்டேன். சர்வேஷ் எழுந்து, "கிழக்கு முகமுங்க டீச்சர்" என்றான். அவர்கள் ஊர்க் கோயில் கிழக்கு முகம். அவன் வீடு கிழக்கு முகம். அரசர்களும் அப்படித்தான் வாசல் வைத்திருப்பார்கள் என்று முடிவு கட்டியிருந்தான்.

"அப்ப கி.பி.?"

சற்று யோசித்தான். "கிழக்குப் பின்னாலைங்களா?"

வகுப்பில் ஒடிசாவிலிருந்து வந்த பிகாஷ் என்ற பையனும் இருந்தான். அவனுடைய அம்மா அப்பா பக்கத்து நூல் மில்லில் வேலை. அவன் தமிழ் கற்றதே இந்த ஊரில்தான். அதனால் அவனும் "ஏனுங்க டீச்சர், இந்த ராசா செத்துப்போட்டாருங்களா?" என்றுதான் கேட்பான். எல்லா ராஜாக்களும் செத்துப்போய்விட்டார்கள் என்று சொன்னதும் அவனுக்கு வருத்தமாக இருந்தது.

இப்படிச் சிரித்துக்கொண்டே டிசம்பர் வரை வந்துவிட்டோம்.

4. இருபது நிமிடம்

டிசம்பரில் எங்கள் பகுதிப் பள்ளிகளுக்குப் பொதுவாக, நாலு ஐந்து வகுப்புகளுக்கு ஒரு சின்ன அடைவுத் தேர்வு வைத்தார்கள். ஒரே கேள்வித்தாள். ஒரு பள்ளியின் விடைத்தாளை வேறு பள்ளி ஆசிரியர் திருத்துவார்.

தலைமையாசிரியர் ஆபரேஷன் செய்துகொண்டு மெடிக்கல் லீவில் இருந்தார். அதனால் பொறுப்பும் நான்தான், ஐந்து வகுப்பும் நான்தான். கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்காது. சத்துணவு சமைக்கும் ருக்குமணியக்கா வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், ஒண்ணாங்கிளாசுப் புள்ள வாந்தி எடுத்துப்போட்டாளுங்க. சித்த வாங்க."

போனேன். குழந்தையைக் கழுவி, தண்ணீர் கொடுத்து, அம்மாவுக்குப் போன் போட்டு, அழுத மற்ற குழந்தைகளையும் சமாதானப்படுத்திவிட்டுத் திரும்பி வர இருபது நிமிடம் ஆனது. தேர்வு அறை அமைதியாக இருந்தது. எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். தரணி எழுதி முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விடைத்தாள்களை வாங்கிக் கட்டி, உறையில் போட்டு, அரக்கு வைத்து அனுப்பினேன்.

தேர்வு நடக்கும்போது கண்காணிப்பாளர் அறையை விட்டுப் போகக் கூடாது. இது எனக்குத் தெரியாததல்ல. வாந்தி எடுத்த குழந்தைக்கு அந்த விதி தெரியாது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

5. யார் முதலில் எழுதியது

ஒரு வாரம் கழித்து கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வினா எண் ஏழு, எட்டு இரண்டுக்கும் எங்கள் பள்ளியின் பத்தொன்பது பேரும் ஒரே தவறான விடையை எழுதியிருக்கிறார்கள். தேர்வு முறையாக நடந்ததா? மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்.

கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவு வந்தது அந்த இருபது நிமிடம்தான். பதினெட்டு வருட சர்வீஸில் ஒரு மெமோ வாங்கியதில்லை என்று வீட்டில் சொல்லிக்கொள்பவள் நான்.

கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தேன். ஏழு: வரைபடத்தில் மேல்புறம் எந்தத் திசை? எட்டு: வரைபடத்தில் கீழ்ப்புறம் எந்தத் திசை? இதைவிட எளிதான கேள்வி இருக்க முடியாது. வடக்கு, தெற்கு. வகுப்புக்குப் போய், "ஏழாவது கேள்விக்கு என்ன எழுதினீங்க?" என்று கேட்டேன்.

"மேற்குங்க டீச்சர்" என்று பத்தொன்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"எட்டாவதுக்கு?"

"கிழக்குங்க டீச்சர்."

ஒருவர் முகத்திலும் கூச்சம் இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அது கோபமா, பயமா என்று இப்போது கேட்டால், பயம் என்றுதான் சொல்வேன்.

"யார் முதல்ல எழுதினது?"

நான் மேசையைத் தட்டி மறுபடியும் கேட்டேன். தரணி எழுந்தாள்.

"நாந்தானுங்க டீச்சர்."

நான் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. வகுப்புத் தலைவி பொறுப்பை அவளிடமிருந்து எடுத்தேன். பையைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவோரம் தனியாக உட்காரச் சொன்னேன். அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

அன்று மாலை விளக்கக் கடிதம் எழுதினேன். ஐந்தாம் வகுப்பு மாணவி தரணி தன் விடைத்தாளை மற்றவர்களுக்குக் காட்டியதாகத் தெரிய வருகிறது, மாணவி கண்டிக்கப்பட்டுள்ளார் என்று எழுதினேன். இருபது நிமிடத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. பத்து வயதுப் பெண்ணின் பெயரை முழுசாக, இனிஷியலோடு எழுதினேன்.

6. பல ஜாதி மேற்கு

கல்வி அலுவலர் நேரில் வந்து விசாரிப்பார் என்று போன் வந்தது. காலையில் வகுப்பில், "இன்னைக்கு மேலதிகாரி வர்றார். ஒழுங்கா உட்காருங்க" என்றேன்.

சர்வேஷ் கையைத் தூக்கினான். "மேக்க இருந்து வாராருங்களா டீச்சர்?"

"வாயை மூடு" என்றேன். விடை அப்போதே என் காதில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை.

அலுவலர் பத்தரைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். அமைதியான மனிதர், குரலை உயர்த்தாதவர். அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஒரு கையில் விடைத்தாள் கட்டு, இன்னொரு கையில் என் கடிதம். தரணி கதவோரம் உட்கார்ந்து அன்றைக்கு நாலாவது நாள்.

"தரணிங்கறது யாருங்க கண்ணு?"

அவள் எழுந்து நின்றாள்.

"நீதான் எல்லாத்துக்கும் பேப்பரக் காட்டுனதா டீச்சர் எழுதியிருக்காங்க. அப்படீங்களா?"

"இல்லீங்க சார்."

"அப்ப டீச்சர் பொய் சொல்றாங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "டீச்சர் பொய் சொல்ல மாட்டாங்க சார். மொதல்ல எழுதுனது யாருன்னு கேட்டாங்க. நாந்தானுங்க மொதல்ல எழுதுனேன். எல்லாத்துக்கும் முன்னாலயே எழுதி முடிச்சுப்போட்டேன். அதைத்தான் சொன்னேனுங்க."

நான் கேட்ட கேள்விக்கு அவள் சரியான விடை சொல்லியிருக்கிறாள். நான் கேட்காத கேள்விக்கு அதை விடையாக எடுத்துக்கொண்டது நான்.

"சார், அந்தக் கட்டைக் கொஞ்சம் குடுங்க" என்று வாங்கிப் பிரித்தேன். அந்த விடைகளை அப்போதுதான் முதன்முறையாகக் கண்ணால் பார்க்கிறேன். தரணி எழுதியது "மேற்கு", முத்து முத்தாக. சர்வேஷ் எழுதியது "மேர்க்கு". வால்பாறை அத்தை வீட்டுப் பெண் "மேற்க்கு". இன்னொருவன் "மெற்கு". பிகாஷ் நேரடியாக "மேக்கு" என்றே எழுதியிருந்தான். பத்தொன்பது தாளில் ஆறேழு ஜாதி மேற்கு இருந்தது.

சர்வீஸ் என்னத்துக்கு இருக்கிறது? காப்பி அடிக்கும் பிள்ளை எழுத்தை எழுத்தாகப் பார்த்துத்தான் எழுதும். பக்கத்துப் பிள்ளை பிழையாக எழுதினால் பிழையோடு எழுதும். சரியாக எழுதினால் சரியாக எழுதும். தரணியைப் பார்த்து எழுதியிருந்தால் பத்தொன்பது "மேற்கு"ம் சுத்தமாக இருந்திருக்கும்.

"சார், இதுங்க காப்பி அடிக்கல" என்றேன். தாள்களை மேசையில் வரிசையாகப் பரப்பிக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"செரீங்க டீச்சர், ஒத்துக்கறேன். அப்ப எப்படி எல்லாத்துக்கும் ஒரே தப்பு வரும்?"

சர்வேஷுக்குப் பொறுக்கவில்லை. "அது தப்பில்லீங்க சார். மேல்பொறம்னா மேக்குதானுங்க. கேள்விலயே விடை இருக்குது. இவ்வளவு ஈசியாக் கேட்டுப்போட்டாங்களேன்னு நாங்க சிரிச்சோமுங்க."

அந்த நேரம் ருக்குமணியக்கா டீ கொண்டுவந்தார். டீயை வாங்கிக்கொண்டே அலுவலர் அவரிடம் கேட்டார்: "ஏனுங்கம்மா, உங்க ஊட்டுக்கு மேல்புறம் என்ன இருக்குதுங்க?"

"எங்க மச்சாண்டார் தோட்டமுங்க சார்."

"அது எந்தத் திசைங்க?"

ருக்குமணியக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். படித்த மனிதர் இப்படிக் கேட்கிறாரே என்ற யோசனை முகத்தில் தெரிந்தது. "மேல்பொறம்னா மேக்குதானுங்க. பின்ன அதென்ன தெக்கயா இருக்கும்?"

அலுவலர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "டீச்சர், பெரியநாயக்கன்பாளையத்துல போன மாசம் ஒரு சைட்டு வாங்குனேனுங்க. பத்திரத்த மூணு தடவ படிச்சேன். 'மேல்புறம் தார் ரோடு'ன்னு இருக்குது. மேக்கால ரோடுன்னு நானே புரிஞ்சுக்கிட்டுத்தானே கையெழுத்துப் போட்டேன். இந்தக் கேள்வித்தாளயும் நாந்தான் பாத்து ஓகே பண்ணுனேன். எனக்கே தட்டலீங்களே."

எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. பிள்ளைகளுக்கு மேலே என்றால் மலை இருக்கும் பக்கம், அதாவது மேற்கு; கீழே என்றால் நிலம் சரியும் கிழக்கு. அவர்கள் பிறந்ததிலிருந்து கேட்கும் மேலத்தோட்டம், மேல்புறம், கிழமேல் எல்லாம் அதைத்தான் சொல்கின்றன. மேப்பைச் சுவரில் மாட்டியிருந்தால், "மேலே வடக்கு" என்று நூறு முறை சொல்லி மனப்பாடமாவது செய்ய வைத்திருப்பேன். நானோ தரையில் விரித்துவிட்டுப் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

"அப்ப எங்களுக்கு மார்க்கு உண்டுங்களா சார்?" என்றான் சர்வேஷ்.

"மேப்புல மேல்புறம்னா வடக்கு, கண்ணு. விடைக் குறிப்புல அப்படித்தான் இருக்குது. மார்க்குப் போட முடியாது."

"ஊர்ல ஒரு மேலு, மேப்புல ஒரு மேலுங்களா?"

"ஆமாங்கண்ணு."

"அத மொதல்லயே சொல்லோணுமில்லீங்களா?"



7. கதவோரம்

அலுவலர் கிளம்பும்போது, "சார், என் விளக்கக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துடுங்க" என்று கேட்டேன்.

"இன்வர்டு ரிஜிஸ்டர்ல பதிஞ்சாச்சுங்க டீச்சர். நம்பர் விழுந்துபோச்சு. திருப்பித் தர முடியாது."

"அப்ப அந்தப் பொண்ணு பேர் ஃபைல்ல இருக்குமே?"

"இருக்குமுங்க. காப்பி அடிக்கலைன்னு நான் ஒரு குறிப்பு வெக்கறேன். ஆனா அவ காட்டுனான்னு நீங்க எழுதுனது இருக்கும்." கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: "நீங்களே மறுபடி எழுதிக் குடுத்தா அதையும் மேல வெச்சுத் தைப்பாங்க. ஆனா டீச்சர், விசாரிக்காம எழுதுனேன்னு எழுதுனா அது உங்க பேருல வரும். யோசிச்சுக்குங்க."

யோசித்தேன். பொய் சொல்லக் கூடாது, ஒரு இரவு முழுக்க யோசித்தேன். விஷயம்தான் சரியாகிவிட்டதே, பத்து வயதுப் பெண்ணின் பெயரை அந்த ஃபைலில் யார் தேடிப் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே பலவிதமாகச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. "டீச்சர் பொய் சொல்ல மாட்டாங்க சார்" என்று அவள் சொன்னது மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது.

மறுநாள் இரண்டாவது கடிதத்தை எழுதினேன். முந்தைய கடிதத்தில் மாணவி தரணியைப் பற்றி எழுதியது உண்மையல்ல. அவர் யாருக்கும் விடையைக் காட்டவில்லை. நான் விசாரிக்காமல் எழுதினேன். மேலும், தேர்வு நேரத்தில் இருபது நிமிடம் நான் அறையில் இல்லை. அதை முந்தைய கடிதத்தில் மறைத்தேன். தவறு என்னுடையது.

அனுப்பும் முன் அதை வகுப்பில் சத்தமாகப் படித்தேன். பத்தொன்பது பேர் முன்னால் தரணிக்குத் தண்டனை கொடுத்தேன், அதனால் அதே பத்தொன்பது பேர் முன்னால் படித்தேன். முடித்துவிட்டு, "தரணி, நான் செஞ்சது தப்பும்மா. மன்னிச்சுக்கோ. பையை எடுத்துக்கிட்டு உன் இடத்துக்கு வா" என்றேன்.

அவள் பையை எடுத்தாள். ஆனால் நகரவில்லை. எதையோ கணக்குப் போடுவது போல நின்றாள்.

"டீச்சர், தப்பு உங்களுதுன்னு எழுதியிருக்கறீங்களே. அப்ப நீங்க நாலு நாளைக்கு இங்க உக்காரோணுமுங்களா?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கேலியும் செய்யவில்லை. எனக்காகக் கவலைப்பட்டுக் கேட்டாள்.

"ஆமா, உட்காரணும்" என்றேன். நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்க் கதவோரம் போட்டேன். நாலு நாளும் அங்கிருந்துதான் பாடம் நடத்தினேன். சர்வேஷுக்கு அந்த நாலு நாளும் திருவிழா. தண்ணீர் குடிக்க வெளியே போகும்போதெல்லாம், "டீச்சர், சித்த தெக்கால நகந்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போவான். நகர்ந்தேன், சரியான பக்கமாகவே.

முதல் நாளே ஒன்று தெரிந்தது. கதவோரத்திலிருந்து பார்த்தால் கரும்பலகையில் பாதி தெரியாது. காலை வெயில் கதவு வழியாக வந்து பலகையில் பட்டு, எழுத்தெல்லாம் பளபளத்து மறைந்துவிடும். ஆறு மாதமாக அந்த அறையில் இருக்கிறேன், இது எனக்குத் தெரியாது.

தரணியின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். அவள் கதவோரம் உட்கார்ந்திருந்த நாலு நாள் பாடமும் வரி விடாமல் இருந்தது.

"பலகை தெரியாம எப்படிம்மா எழுதின?"

"நீங்க சொல்லச் சொல்லக் கேட்டு எழுதிக்கிட்டேனுங்க."

"தெரியலைன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கோவமா இருந்தீங்களே, டீச்சர்."

எனக்கு மெமோ வந்தது. இனி இவ்வாறு நிகழாமல் பார்த்துக்கொள்ளவும் என்று இரண்டு வரி. சர்வீஸில் வாங்கிய ஒரே மெமோ அதுதான். ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அதற்குள் இன்னொன்று வராது என்று நம்புகிறேன்.

புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்கள் பயிற்சி வகுப்பில் என்னிடம் யோசனை கேட்பார்கள். மேப்பைத் தரையில் விரியுங்கள், பிறகு மறக்காமல் சுவரிலும் மாட்டுங்கள் என்று சொல்வேன். அது பாடம் நடத்தும் விஷயம், எல்லோரும் குறித்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு தரணியைப் பற்றிச் சொல்வேன். யார் முதலில் எழுதியது என்று இரண்டு முறை கேட்டேன், மேசையைத் தட்டியும் கேட்டேன். ஏன் மேற்கு என்று எழுதினாய் என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் ஒரே வரியில் சொல்லியிருப்பாள், வகுப்பே சிரித்திருக்கும், நானும் சிரித்திருப்பேன். அந்த ஒரு கேள்வியை நான் கேட்காததால்தான் அந்தப் பிள்ளை நாலு நாள் பலகை தெரியாத இடத்தில் உட்கார்ந்து, என் குரலை மட்டும் நம்பிப் பாடம் எழுதினாள்.